துப்பாக்கியோட வர்ற கஸ்டமரை வேண்டாம்னு சொல்லலாமா? தாராளமா சொல்லலாம்

டெக்சஸ்ல கடை, ஓட்டல், மோட்டல் நடத்துற நம்ம ஆளுங்ககிட்ட இருந்து இந்த வாரமும் அதே போன். "மேடம், ஒருத்தர் சட்டைக்குள்ள துப்பாக்கி வச்சிருந்தாரு, வெளிய வச்சிட்டு வாங்கன்னு சொன்னேன், செகண்ட் அமெண்ட்மென்ட் (துப்பாக்கி வச்சுக்கற உரிமையைச் சொல்ற அமெரிக்க அரசியல் சாசனத் திருத்தம்) என் உரிமை, உன்மேல கேஸ் போடுவேன்னு கத்திட்டுப் போறாரு, பயமா இருக்கு." பயப்படாதீங்க, அந்தக் கேஸ் நிக்காது.

இதை எத்தனை தடவை சொன்னாலும் படிச்சவங்களே கேக்க மாட்டேங்கறாங்க, அதனால எழுதிடறேன். செகண்ட் அமெண்ட்மென்ட் அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும். மத்திய அரசு, மாநில அரசு, சிட்டி, இவங்கதான் மக்கள்கிட்ட இருந்து துப்பாக்கியைப் பறிக்கக் கூடாது. நீங்க அரசாங்கம் இல்ல. உங்க கடை உங்க சொத்து, அதுக்குள்ள யார் எதைக் கொண்டு வரலாம்னு நீங்கதான் முடிவு பண்ணணும். மோட்டல்காரங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு, தங்கற கெஸ்ட் தன் ரூம்ல துப்பாக்கி வச்சுக்கறதையும், நேரா ரூமுக்குக் கொண்டு போறதையும் 2021 செப்டம்பர்ல இருந்து பொதுவா தடுக்க முடியாது. வெளிய துப்பாக்கி எடுத்துட்டுப் போறது உரிமைன்னு 2022ல சுப்ரீம் கோர்ட் ப்ரூயன் வழக்குல சொல்லிடுச்சேன்னு சிலர் வாட்ஸாப்ல அனுப்பறாங்க, அது நியூயார்க் மாநிலம் லைசென்ஸ் கொடுக்கற விதியைப் பத்தின தீர்ப்பு, உங்க பிரியாணிக் கடையைப் பத்தினது இல்ல! சரி, பாகுபாடு கேஸ் வராதான்னு அடுத்த கேள்வி. 1964 சிவில் ரைட்ஸ் சட்டப்படி ஓட்டல்காரர் இனம், நிறம், மதம், பூர்வீக நாடு பாத்து ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது. துப்பாக்கி அந்த லிஸ்ட்லயே இல்ல.

ஆனா ஒண்ணு. தெரிஞ்ச வெள்ளைக்கார ரெகுலரை துப்பாக்கியோட உள்ள விட்டுட்டு, கறுப்பினத்தவரை மட்டும் நிறுத்தினீங்கன்னா அது துப்பாக்கி விஷயம் இல்ல, இன பாகுபாடு, அந்தக் கேஸ் நிக்கும், நானே உங்களைத் திட்டுவேன். ரூல்னா எல்லாருக்கும் ரூல்.

இப்ப துப்பாக்கி கூடாதுன்னு வைக்கற போர்டு. ஆன்லைன்ல வாங்கின, துப்பாக்கிப் படத்துக்கு மேல சிவப்புக் கோடு போட்ட சின்ன ஸ்டிக்கரை கதவுல ஒட்டிட்டு நிம்மதியா தூங்கறாங்க. லைசென்ஸ் வச்சிருக்கறவரை அந்தப் படம் ஒண்ணும் பண்ணாது. போர்டுகளை டெக்சஸ் குற்றச் சட்டத்துல இருக்கற பிரிவு நம்பரை வச்சுத்தான் சொல்லுவாங்க. மறைச்சு வச்சிருக்கற லைசென்ஸ்காரருக்கு 30.06, வெளிய தெரியற மாதிரி வச்சிருக்கறவருக்கு 30.07. 2021 செப்டம்பர்ல இருந்து 21 வயசு ஆனவங்கள்ல பெரும்பாலானவங்க கைத்துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமலே வெளிய எடுத்துட்டுப் போகலாம்னு ஆயிடுச்சு, அவங்களுக்கு 30.05. முதல் ரெண்டு போர்டுக்கும் வாசகம் சட்டத்துல இருக்கு, அதை அப்படியே போடுங்க, அழகுபடுத்தாதீங்க, சுருக்காதீங்க. இங்கிலீஷ், ஸ்பானிஷ் ரெண்டுலயும், எழுத்து குறைஞ்சது ஒரு இன்ச் உயரம், பின்னணியில இருந்து எடுப்பாத் தெரியற கலர், வாசல்ல கண்ணுல படற இடத்துல. பின்பக்க வாசல் இருந்தா அங்கயும்தான், தள்ளுபடி போஸ்டரால மூடாதீங்க ப்ளீஸ்.

போர்டு இல்லாட்டியும் வாயால சொன்னா செல்லும். சொல்லப்போனா அதுக்குத்தான் பலம் அதிகம், போர்டை மீறி வந்தா 200 டாலர் வரைக்கும் ஃபைன் மட்டும்தான், உள்ள வந்தவர்கிட்ட நேர்ல சொல்லியும் போகலைன்னா க்ளாஸ் ஏ குற்றம், ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், 4,000 டாலர் வரைக்கும் ஃபைன்.

வேலைக்கு இருக்கறவங்க விஷயம் கொஞ்சம் வேற. பூட்டின சொந்தக் கார்ல, பார்க்கிங்ல, சட்டப்படி வச்சிருக்கற துப்பாக்கியைப் பெரும்பாலும் நீங்க தடுக்க முடியாது, 2011ல இருந்தே அப்படித்தான், அதுக்காக ஆளை வேலையை விட்டு அனுப்பிட்டு அப்புறம் எனக்கு போன் பண்ணாதீங்க.

இது டெக்சஸ் சட்டம். ஜார்ஜியாவுல இருக்கற மச்சான் சொன்னதை இங்க செய்யாதீங்க, இங்க உள்ளதை அங்க அனுப்பாதீங்க.

கடைசியா, கெஞ்சிக் கேக்கறேன். ஒரு தடவை மரியாதையா சொல்லுங்க, போகலைன்னா தள்ளி நின்னு 911 கூப்பிடுங்க. கையைப் பிடிக்காதீங்க, இடுப்பைத் தடவிப் பாக்காதீங்க, வாசல்ல மறிக்காதீங்க. சட்டம் உங்க பக்கம் இருக்கலாம், துப்பாக்கி அவர்கிட்டதான் இருக்கு. நைட் ஷிப்ட்ல தனியா நிக்கற பையனை இதுக்கு அனுப்பவே அனுப்பாதீங்க, சந்தேகம் வந்தா போலீசைக் கூப்பிட்டா போதும், ஓனர் திட்ட மாட்டாருன்னு அவன்கிட்ட இன்னிக்கே சொல்லி வைங்க.