சேம்பிலையில் நீர் ஏன் ஒட்டுவதில்லை?

பாகூர்ப் பக்கத்து வாய்க்கால் ஓரங்களில் மண்டிக் கிடக்கும் சேம்பின் இலையில் விழும் மழைத்துளி, இலையை நனைக்காமல் உருண்டு, வழியிலுள்ள தூசியையும் திரட்டிக்கொண்டு விளிம்பில் சொட்டிவிடுகிறது. இலையின் மெழுகு நீரை விரட்டுகிறது என்றே பலரும் சொல்வர். உண்மையில் மெழுகு எதையும் விரட்டுவதில்லை; நீர் மூலக்கூறுகளை அதுவும் சற்றே ஈர்க்கத்தான் செய்கிறது. ஆனால் நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி அதைவிடப் பன்மடங்கு வலியது. (வழவழப்பான மெழுகில் துளியின் தொடுகோணம், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு துளிக்குள் அமைக்கும் கோணம் (இது கூடக்கூடத் துளி உருண்டையாகும்), ஏறத்தாழ 110 பாகையைத் தாண்டாது, இலையின் நுண்மேடுகளுக்கிடையே சிக்கிய காற்றே அதை 150 பாகைக்கு மேல் உயர்த்துகிறது.)

இதில் சுவையான பகுதி அளவைப் பற்றியது. நீர் மூலக்கூறின் குறுக்களவு சுமார் 0.28 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு), ஒவ்வொன்றும் நான்கு பிணைப்புகள் வரை கொள்ளும். மீத்தேன் போன்ற சிறு மூலக்கூறு நீருக்குள் வந்தால், பிணைப்பு எதையும் அறுக்காமலே நீர் அதைச் சூழ்ந்துகொள்கிறது. இதற்கு ஓர் உவமை: திருப்பாதிரிப்புலியூர்க் கோயில் தூணைச் சுற்றிச் சிறுவர்கள் கைகோத்து நிற்கலாம். மதிலை ஒட்டி நின்றால் மதில் பக்கத்துக் கைக்குத் துணை கிடைக்காது. நீர் வெறுக்கும் பரப்பு ஏறத்தாழ 1 நானோமீட்டரைத் தாண்டும்போது நீருக்கும் இதே நிலைதான் நேர்கிறது: விளிம்பிலுள்ள மூலக்கூறுகள் சில பிணைப்புகளை இழந்தே தீர வேண்டும். லம், சாண்ட்லர், வீக்ஸ் ஆகிய அறிவியலாளர் மூவரும் 1999-இல் இந்தத் திருப்பத்தைக் கோட்பாடாக வகுத்தனர்.

பிணைப்பை இழந்த நீர் பரப்பிலிருந்து சற்றே விலகுகிறது. அந்த விலகல் ஒரு மூலக்கூறின் அகலம்கூட இராது. எனினும், இத்தகைய இரு பரப்புகள் சில நானோமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நெருங்கினால், இடையிலுள்ள நீர் முழுவதும் வெளியேறிவிடக்கூடும். அப்போது பரப்புகள் ஒட்டிக்கொள்கின்றன. புரதங்கள் மடிவதிலும் இதற்குப் பங்குண்டு.

இவ்வளவும் படித்தவர், நீர் வெறுக்கும் சுவர் கொண்ட, கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய கார்பன் நானோகுழாய்க்குள் நீர் நுழையவே நுழையாது என்று கருதுவது இயல்பே. ஆனால் 2001-இல் ஹம்மர் குழுவினர் செய்த கணினி உருவகப்படுத்தலில், சுமார் 0.8 நானோமீட்டர் அகலமுள்ள குழாய்க்குள் நீர் தானாகவே புகுந்து ஒற்றை வரிசையில் நின்றது. சுவரின் சிறு ஈர்ப்பைச் சற்றே குறைத்தபோதோ, அதே குழாய் நிரம்புவதும் காலியாவதுமாக மாறி மாறி இயங்கியது.