பிளாக் அண்ட் ஒயிட் பண்ணுங்க, ஆனா கலர் ஃபைலை அழிச்சிடாதீங்க

போன வருஷம் ஒரு தம்பி ஸ்டுடியோவுக்கு வந்தாரு. அவங்க அப்பத்தாவோட கல்யாணப் பட்டு, பித்தளைச் செம்பு, வெத்தலைப் பெட்டி, பாக்குவெட்டி எல்லாத்தையும் பாய்ல பரப்பி ஜன்னல் வெளிச்சத்துல போன்ல எடுத்திருந்தாரு, அப்பத்தாவே பக்கத்துல உக்காந்து அடுக்கிக் கொடுத்ததாம். நல்ல படம். "அண்ணே இதைப் பெருசா பிரிண்ட் போட்டு மாட்டணும், ஆனா புடவை மட்டும் ஒரே துணி மாதிரி கெடக்கு, கரையைக் கொஞ்சம் தெரிய வைங்க"ன்னாரு. சிவப்பு உடல், கரும்பச்சைக் கரை, பழைய ஜரிகை கறுத்துப் போயிருக்கு. போன்லயே மோனோ ஃபில்டர் போட்டுக் கறுப்பு வெள்ளையா மாத்தி சேவ் பண்ணி, இடம் பத்தலன்னு கலர் படத்தை டெலிட் பண்ணிட்டாரு. சரி புடவையைக் கொண்டு வாங்க, திரும்ப எடுத்துக்கலாம்னு சொன்னேன். படம் எடுத்த ஆறு மாசத்துல அப்பத்தா போயிட்டாங்க, அந்தப் புடவையைப் போர்த்தித்தான் அனுப்பி வச்சாங்கன்னு சொன்னாரு. எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல.

ஏன் அந்தக் கரையை என்னால கொண்டு வர முடியலைங்கிறதுக்குக் கணக்கு இருக்கு. போட்டோவுல ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு நம்பர் இருக்கும், ஆர்ஜிபிம்பாங்க, ஒவ்வொண்ணையும் சேனல்ம்பாங்க, 0 இருட்டு, 255 முழு வெளிச்சம். ஒரு சிவப்பை எடுத்துக்கங்க, ஆர்ஜிபில 180, 20, 40. ஒரு கரும்பச்சை, 20, 100, 50. கலர்ல பார்த்தா ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனா சாஃப்ட்வேர் கிரேவா மாத்தறப்ப பொதுவா சிவப்புல 30 சதவீதம், பச்சைல 59, நீலத்துல 11 எடுத்துக் கூட்டும், நம்ம கண்ணுக்குப் பச்சைதான் அதிக பிரகாசமாப் படும், அதனாலதான் இந்தப் பங்கு. கூட்டிப் பாருங்க, ரெண்டுக்கும் 70தான் வரும். அந்த 70 சிவப்புல இருந்து வந்துச்சா பச்சைல இருந்து வந்துச்சான்னு அதுக்கப்புறம் யாராலயும் சொல்ல முடியாது, இப்ப வர்ற ஏஐ கலர் ஆப் எல்லாம் கூட ஊகிச்சுத்தான் கலர் போடுது, அந்த வீட்டுப் புடவையோட கரை எங்க ஆரம்பிச்சுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும். அதே கலர் ஃபைல் மட்டும் கையில இருந்திருந்தா, சிவப்பு சேனலை மட்டும் எடுத்தாலே உடல் 180, கரை 20, வெளிச்சமும் இருட்டுமாப் பிரிஞ்சு நின்னிருக்கும். பச்சை சேனலை எடுத்தா அப்படியே தலைகீழ், உடல் 20, கரை 100. ரெண்டுல எது அழகுன்னு உக்காந்து யோசிச்சிருக்கலாம்.

பிளாக் அண்ட் ஒயிட் பண்றதுன்னா கலரை எடுத்துடறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. எந்தக் கலருக்கு எந்த கிரேன்னு நாமதான் முடிவு பண்றோம், வேலையே அதுதான். ஃபிலிம் காலத்துல இதை லென்ஸ் முன்னாடி மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை ஃபில்டர் போட்டு பண்ணாங்க, ஷட்டர் அமுக்கறதுக்கு முன்னாடியே முடிவு எடுத்தாகணும். ஆர்த்தோ ஃபிலிம்னு ஒண்ணு இருந்துச்சு, அதுக்குச் சிவப்பே தெரியாது, தக்காளியை எடுத்தா கிட்டத்தட்ட கறுப்பா வரும். இன்னைக்கு அந்த முடிவைப் படம் எடுத்ததுக்கு அப்புறமா, பத்து தடவை மாத்தி மாத்திப் பண்ணலாம், கலர் கையில இருக்கிற வரைக்கும்தான்.

போட்டோஷாப்ல டீசாச்சுரேட்னு ஒரு கமாண்ட் இருக்கு, தயவு செஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க. அது மூணு நம்பர்ல பெரியதையும் சின்னதையும் கூட்டி ரெண்டால வகுத்துடும், அவ்வளவுதான் அதோட அறிவு. சுத்தமான சிவப்பும் 128, சுத்தமான மஞ்சளும் 128, நீலமும் 128. எலுமிச்சம்பழத்துக்கும் தக்காளிக்கும் வித்தியாசம் இல்லாம படம் செத்துப் போயிடும்.

கேமராவுல எடுக்கறவங்க ரா ஃபார்மட்ல, அதாவது சென்சார் பிடிச்சதை அப்படியே வச்சிருக்கிற ஃபைல்ல வச்சுட்டு பிக்சர் ஸ்டைலை மட்டும் மோனோக்ரோம்ல போடுங்க. ஸ்க்ரீன்ல கறுப்பு வெள்ளையாத் தெரியும், வெளிச்சம் நிழல் மேல கவனம் போகும், ஆனா ரா ஃபைலுக்குள்ள கலர் முழுசா இருக்கும். வெறும் ஜேபெக்ல மோனோ வச்சு எடுத்தா கலர் கேமராவுலயே போயிடுச்சு. போன்ல எடுக்கறவங்க கலர்லயே எடுத்து, டூப்ளிகேட் போட்டு அதுல மட்டும் வேலை பாருங்க. யாருக்காவது வாட்ஸ்அப்ல அனுப்பறதுன்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்பினா அமுக்கிடும்.

அப்புறம் ஸ்லைடர், எந்தக் கலர் கிரேல எவ்வளவு வெளுக்கணும், எவ்வளவு கறுக்கணும்னு இழுத்து வைக்கிறது. போட்டோஷாப்ல பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்ல 6 கலர், லைட்ரூம்ல 8. முதல்ல ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாத் தெரியற மாதிரி கலரைச் சரி பண்றது, அதை முடிச்சிடுங்க, அது மாறினா கிரே எல்லாம் மாறும். எனக்கு ரொம்பப் பிடிச்சது பித்தளை. குத்துவிளக்கு, செம்பு மாதிரி சாமான்ல மஞ்சளையும் ஆரஞ்சையும் கொஞ்சம் ஏத்தினா உள்ளேர்ந்து விளக்கு எரியற மாதிரி மினுங்கும். ஆனா கீழ இருக்கிற மரப்பலகையும் ஆரஞ்சுதான், பக்கத்துல இருக்கிற வாழைப்பழமும் மஞ்சள்தான், எல்லாம் சேர்ந்து ஏறிடும். அதுக்குத்தான் ரெண்டு லேயர் போட்டு மாஸ்க் பண்றது, வேண்டிய இடத்துல மட்டும் வேலை செய்ய விட்டு மத்த இடத்தை மறைச்சிடறது, பித்தளைக்கு ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணு. பித்தளைல பக்கத்துப் பொருளோட கலரும் பிரதிபலிக்கும், செம்புக்குப் பக்கத்துல சிவப்புத் துணி இருந்தா செம்புக்குள்ளயும் சிவப்பு ஓடும், சிவப்பு ஸ்லைடரை இறக்கினா செம்புல திடீர்னு அழுக்குத் திட்டு மாதிரி தெரியும். நானே பல தடவை துடைக்காம விட்டுட்டேனோன்னு யோசிச்சிருக்கேன், அது ஸ்லைடர் வேலை.

ஸ்லைடரை கடைசி வரைக்கும் இழுக்காதீங்க. பெரும்பாலான சென்சார்ல 4 பிக்சல்ல 2 பச்சை, 1 சிவப்பு, 1 நீலம், அதுலயும் வீட்டு மஞ்சள் பல்பு வெளிச்சத்துல நீலம் ரொம்பக் கம்மியாத்தான் வரும், அதைப் பிடிச்சு ஏத்தினா புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், பொருளோட ஓரத்துல வெள்ளைக் கோடு விழும். 8 பிட் ஜேபெக்ல சேனலுக்கு 256 படிதான், இழுத்தா மழமழன்னு இருக்க வேண்டிய பேக்ரவுண்ட் பட்டை பட்டையாப் பிரியும். 16 பிட்லயே வேலை பாருங்க.

இதையெல்லாம் விட வெளிச்சம்தான் பெருசு. கலர்ல எடுக்கறப்ப நேர் வெளிச்சம் அடிச்சாலும் சிவப்பும் பச்சையும் படத்தைக் காப்பாத்திடும், கறுப்பு வெள்ளைல அந்தத் துணை கிடையாது. 1930ல அமெரிக்க போட்டோகிராஃபர் எட்வர்ட் வெஸ்டன் ஒரே ஒரு குடமிளகாயைத் தகரப் புனலுக்குள்ள வச்சு எடுத்தாரு, வளைவு வளைவா வெளிச்சம் வழுக்கிட்டுப் போகும், அது என்ன கலர்ங்கிற கேள்வியே பார்க்கறவங்களுக்கு வராது. பக்கவாட்டு ஜன்னல், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை, வீட்ல இது போதும்.

பிரிண்டுக்குக் கொடுக்கறப்ப ஒண்ணு. பல லேப்ல கறுப்பு வெள்ளைப் படமும் கலர் பேப்பர்லதான் வரும், லேசா பச்சையோ ஊதாவோ அடிக்க வாய்ப்பு இருக்கு. அதனால முதல்ல சின்னதா ஒரு டெஸ்ட் பிரிண்ட் போட்டு, டியூப்லைட் கீழ பார்க்காம பகல் வெளிச்சத்துல பாருங்க, திருப்தியா இருந்தா மட்டும் பெருசு போடுங்க. அந்தத் தம்பிக்கும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன், செம்பும் வெத்தலைப் பெட்டியும் ரொம்ப நல்லா வந்துச்சு. புடவை ஒரே துணியாத்தான் இருக்கு.