பேட்டரி கார் டயருக்கு எவ்வளவு காற்று?

சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனை வளாகத்திலிருந்து அழைத்தார்கள். நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ஆறு இருக்கை வண்டி, காலையில் முழுச் சார்ஜுடன் கிளம்பி மதியம் இரண்டு மணிக்கே நின்றுவிடுகிறதாம். பேட்டரி போய்விட்டது என்று முடிவு செய்து, புதிதாக வாங்க விலைப்புள்ளியும் கேட்டிருந்தார்கள். பேட்டரிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பழைய பந்துபோல் உள்ளே போனது. நான்கின் காற்றழுத்தத்தையும் அளந்தேன்: 9, 11, 8, 13 பிஎஸ்ஐ (பெட்ரோல் பங்கில் காற்றுக்குச் சொல்லும் அதே அளவு). அந்த வண்டிக்கு இருக்க வேண்டியது 22. காற்றை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் மாலை ஆறு மணி வரை வண்டி ஓடியது.

கோல்ஃப் மைதானத்துக்காக உருவான வண்டிதான் இன்று ரயில் நிலையத்திலும், உயிரியல் பூங்காவிலும், கல்லூரியிலும் 'பேட்டரி கார்' என்ற பெயரில் ஓடுகிறது. பெயர் மாறினாலும் டயர் அதேதான். புல்தரையைக் கிழிக்காமல் உருள வேண்டும் என்பதற்காக அகலமாகவும் குறைந்த காற்றில் ஓடும்படியும் செய்யப்பட்ட டயர் அது. இதை மறந்துவிட்டு, ஸ்கூட்டரை அல்லது காரைப் பராமரிக்கும் பழக்கத்திலேயே இதையும் பார்ப்பதுதான் நான் அன்றாடம் காணும் தவறு.

காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அந்த நசுங்கலுக்கான சக்தியைப் பேட்டரிதான் தர வேண்டும். பெட்ரோல் வண்டியில் இந்த இழப்பு எளிதில் கண்ணில் படாது. எரிபொருள் செலவில் கரைந்துவிடும். பேட்டரி வண்டியில் அது ஓடும் தூரத்தை நேராக வெட்டிவிடும். அதோடு நிற்பதுமில்லை. ஈய அமில பேட்டரியை நாள்தோறும் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். முதலில் பேட்டரிக் கோளாறுபோலத் தெரிந்த காற்றுக் குறை, சில மாதங்களில் உண்மையாகவே பேட்டரியைக் கொன்றுவிடும். காற்றழுத்தம் அளக்க, ஆயிரம் ரூபாய்கூட ஆகாத ஒரு கேஜ் இல்லாததால் ஒரு செட் பேட்டரியையே இழந்த நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, எவ்வளவு வைப்பது? வண்டியோடு வந்த கையேட்டில் அல்லது இருக்கைக்கு அடியில் ஒட்டிய தாளில் உள்ள எண்ணே முதல் விடை. அது கிடைக்காவிட்டால், பரவலாக உள்ள 18×8.50-8 அளவு (அதாவது எட்டு அங்குல ரிம்) டயருக்கு 18 முதல் 22 பிஎஸ்ஐ என்ற வரம்பில் தொடங்கலாம். பத்து, பன்னிரண்டு அங்குல ரிம்மில் வரும் தட்டையான டயர்களுக்குப் பொதுவாக இதைவிடக் கூடுதலாக வேண்டும். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச சுமைக்கான உச்ச அழுத்தம். அதைத் தாண்டக் கூடாது என்பதற்கான எல்லைக்கோடு.

கூடுதல் காற்றின் கேடு வேறு வகை. இந்த வண்டிகளில் சஸ்பென்ஷன் மிக எளிமையானது. குலுக்கலில் பெரும்பங்கை டயர்தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு கல்லூரி வளாகத்தில் ஓட்டுநர் வண்டியைப் பெட்ரோல் பங்குக்குக் கொண்டுபோய், கார் கணக்கில் 35 வைத்துக்கொண்டு வந்துவிட்டார். வேகத்தடையில் வண்டி துள்ளியபோது, பின்னோக்கிய இருக்கையில் அமர்ந்திருந்த வயதான அம்மா தூக்கியெறியப்பட்டார். கைப்பிடியைப் பற்றியிருந்ததால் இடுப்பு வலியோடு தப்பினார். பின்னோக்கிய இருக்கையில் இருப்பவருக்கு வரும் வேகத்தடை தெரியாது. அந்த இருக்கை உள்ள வண்டியில் காற்றை ஏற்றுகிறவர் இதை ஒரு நொடி நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கு. இருவர் அமர்ந்த வண்டியில் ஒரு பின்சக்கரம் ஏறத்தாழ 200 கிலோ தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பிஎஸ்ஐ-யில் அந்த டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 140 சதுர சென்டிமீட்டர், விரல்களைச் சேர்த்து விரித்த ஒரு கையளவு. 35 வைத்தால் அது 80 ஆகச் சுருங்கும். ஈரமான டைல்ஸ் தரையில் பிரேக் பிடிக்கும்போது உங்களிடம் இருப்பது அவ்வளவுதான். பெரும்பாலான கோல்ஃப் வண்டிகளில் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக் உண்டு. ஆகவே பின்னால் இடது, வலது இரண்டிலும் ஒரே அளவு இருக்கிறதா என்பதை நான் மற்ற எதையும்விடக் கண்டிப்பாகப் பார்ப்பேன்.

வரம்புக்குள் சரியான எண்ணைக் கண்டுபிடிக்கச் சுண்ணாம்புக் கட்டி போதும். வழக்கமான ஆட்களை ஏற்றிக்கொண்டு, டயரின் குறுக்கே ஒரு கோடு போட்டு, சமதரையில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று கூடுதல், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ஒரே ஓரம் அழிந்தால் அது காற்றின் குற்றமில்லை, அலைன்மென்டைப் பாருங்கள். புல்தரையில் மட்டுமே ஓடும் வண்டிக்கு, கையேடு அனுமதித்தால், வரம்பின் கீழ்ப்பக்கத்தில் வைக்கலாம். தடம் குறைவாகப் பதியும்.

அண்மையில் பலர் ஈய அமில பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் போடுகிறார்கள். அதனால் பல வண்டிகளில் நூறு கிலோவுக்கு மேல் எடை குறைகிறது. பழைய அளவையே வைத்திருந்தால் வண்டி குதிக்கும். "லித்தியம் போட்ட பிறகு குலுங்குகிறது" என்று வந்த வண்டிகளில், சுண்ணாம்புக் கோடு பார்த்து இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறக்கியதே பல நேரம் போதுமானதாக இருந்தது.

காலையில், வண்டி ஓடுவதற்கு முன் அளவெடுங்கள். இந்த அழுத்தத்தில் பத்து டிகிரி சூடு கூடினால் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ ஏறும். மதிய வெயிலில் கேஜ் கூடுதலாகக் காட்டுகிறதே என்று காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் குறைவோடு நிற்கும். மலைக்கு வண்டி அனுப்புகிறவர்களுக்கும் ஒரு செய்தி: கோவையில் 20 வைத்து லாரியில் ஊட்டிக்கு ஏற்றினால், உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் 3 அளவுக்கு ஏறும், குளிரால் 2 அளவுக்கு இறங்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி அளந்துவிடுங்கள்.

கேஜ் வாங்கும்போது 30 அல்லது 60 பிஎஸ்ஐ வரை காட்டுவதாக வாங்குங்கள். லாரி டயருக்கான 150 கேஜில் 18-க்கும் 22-க்கும் இடையே முள் அசைவதே தெரியாது.

டியூப்லெஸ் டயர் ரிம்மில் உட்காரவில்லை என்று பெட்ரோல் தெளித்துத் தீ வைக்கும் வித்தையைச் சில இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். டயரின் நடுவில் பெல்ட் கட்டி இறுக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, முகத்தை விலக்கிவைத்துக்கொண்டு, பொறித்த எல்லையைத் தாண்டாமல் காற்றை ஏற்றினால் அநேகமாக உட்கார்ந்துவிடும்.

அந்த மருத்துவமனை ஓட்டுநர் இப்போது ஸ்டியரிங் அருகே ஒரு சிறு நோட்டைக் கட்டி வைத்திருக்கிறார். திங்கள்தோறும் நான்கு எண்கள். போன மாதம் அழைத்து, "ஐயா, இடது பின்சக்கரம் மட்டும் வாரத்துக்கு 2 இறங்குகிறது" என்றார். போய்ச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். வால்வுக்குள் இருக்கும் பின்னில் (ஊசியில்) குமிழி வந்தது. மாற்றிவிட்டு, மூடியையும் போட்டேன்.