முறிகண்டிக் கச்சானும் சுருள் கம்பியும்

வன்னியில் ஏ9 வீதியால் போகிற பஸ் முறிகண்டியில் நின்றால், பிள்ளையாரைக் கும்பிட்டு, உண்டியலில் ஒரு நாணயக் குத்தியைப் போட்டு, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறுவது வழக்கம். அந்த உண்டியல் பதிலுக்கு ஏதாவது தந்தால்? ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியாவின் ஹீரோன் அப்படியொரு கருவியை விவரித்திருக்கிறார். காசு உள்ளே ஒரு தட்டில் விழும். பாரத்தில் தட்டு சரிய, நெம்புகோலின் மறுமுனை எழும்பி அடைப்பைத் திறக்கும்; தீர்த்தம் ஒழுகும். காசு வழுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிவிடும்.

அதே பாரத்தில் தகரத்துண்டு போட்டாலும் தீர்த்தம் வரும் என்பதுதான் சிக்கல். காசு போட்டால் சாமான் தரும் இன்றைய விற்பனை இயந்திரம் நிறுத்துப் பார்ப்பதோடு விடாது. குத்தி உருளும் வழியில் மின்சுருள் ஒன்று காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. குத்தி கடக்கையில் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து சுருளின் அதிர்வெண்ணை மாற்றும். எவ்வளவு மாறும் என்பது உலோகத்தைப் பொறுத்தது. நம் ஐந்து ரூபாய் பொன்னிறத்திலும் இருக்கிறது, வெள்ளி நிறத்திலும் இருக்கிறது. கடைக்கார அம்மா இரண்டையும் பார்க்காமலே வாங்கிப் போடுவார். இயந்திரத்துக்கு இரண்டையும் தனித்தனியே பழக்க வேண்டும்.

சாமான் விழுவது எளிய வேலை. பிஸ்கட் பக்கற்றுகள் சுருள் கம்பியின் புரிகளுக்கு இடையே நிற்கின்றன. மோட்டார் ஒரு சுற்றுச் சுற்ற, எல்லாம் ஒரு புரி முன்னே நகரும், முன்னால் நிற்பது விழும். கீழே அகச்சிவப்புக் கதிர் அறுபட்டால் விழுந்தது என்று கணக்கு. அறுபடாவிட்டால் இன்னொரு சுற்று, அல்லது காசு திரும்பும். இந்தக் கதிர் இல்லாத பழைய இயந்திரமொன்றில், கொழும்பில், என் முறுக்குப் பை கம்பியில் தொங்கியபடியே நின்றது. தட்டியும் பார்த்தேன்.

2017இல் அமெரிக்காவில் முன்னாள் கூகுள் ஊழியர் இருவர் சுருளையும் விட்டுவிட்டார்கள். சாமான் அடுக்கிய அவர்களின் அலுமாரியைத் தொலைபேசியால் திறக்கலாம். எதை எடுத்தீர்கள் என்று கமரா பார்க்கும். அட்டையில் காசு கழியும். நியூயோர்க் மூலைக்கடைகளின் பெயரான ‘போடேகா’வையே அதற்கு வைத்ததால் சனம் கொதித்தது. பிறகு ‘ஸ்டொக்வெல்’ என்று பெயர் மாற்றியும் 2020இல் மூடிவிட்டார்கள்.

கமரா நாம் எடுத்த சாமானைத்தான் பார்க்கும். வன்னிக் கடையின் கடன் கொப்பியில் ‘வெட்டு முடிய’ என்று எழுதியிருக்கும். அறுவடை முடிந்து நெல் விற்றுக் காசு வரும் வரை பொறுக்கும் கணக்கு அது. இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் தண்ணீர்ப் போத்தல் தர இயந்திரம் நல்லதுதான், கரண்ட் இருந்தால். முறிகண்டியில் நான் இரண்டு கச்சானை உடைத்துத் தின்றுபார்த்துத்தான் வாங்குவேன்.