காகிதச் செதில், உருளைக்கிழங்கு அச்சு: மழலையர் வகுப்பில் உலகப் பண்பாடு

மழலையர் வகுப்பில் ‘உலகப் பண்பாடு’ என்றதும் கொடிக்கு வண்ணம் தீட்டுவது, பேப்பர் தட்டில் ‘ஆப்பிரிக்க முகமூடி’ செய்வது, தலையில் இறகு கட்டிக்கொள்வது என்றுதான் பல இடங்களில் போகிறது. நான்கு வயதுப் பிள்ளைக்கு நாடு என்பதே இன்னும் பிடிபடாது. ஆனால் ஒரு பொருளை யார் செய்கிறார்கள், எதற்குச் செய்கிறார்கள், எங்கே மாட்டுகிறார்கள் என்று சொன்னால் நன்றாகப் புரியும். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன; எல்லாருக்கும் பொதுவாக ஒரு முகமூடி கிடையாது. வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளிடம் கழுகு இறகுக் கிரீடம் என்பது ஒருவர் தன் செயலால் ஈட்டும் மரியாதை. அதை வேஷப்பொருள் ஆக்கவே கூடாது. வாரம் ஒரு நாடு என்று ஓடுவதைவிட ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டை முழுசாகச் செய்வது மேல்.

கடற்காற்று வீசும் வடசென்னைக்கு அருமையாகப் பொருந்துவது ஜப்பானின் கொய்னோபொரி. காற்றில் நீந்துகிற, துணியால் செய்த கெண்டை மீன் அது. மே 5 அங்கே குழந்தைகள் தினம். 1948 முதல் அரசு விடுமுறை. வெள்ளத்தை எதிர்த்து ஏறும் கெண்டையைப் போல நம் பிள்ளையும் திடமாக வளரட்டும் என்று வீட்டுக்கு வெளியே கம்பத்தில் கட்டுவார்கள். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு வஞ்சிரமும் சங்கராவும் தெரியும். கட்லா, ரோகுவைக் காட்டி, இவைதான் கெண்டைக்குச் சொந்தம் என்று சொல்லுங்கள். மே மாதம் நமக்கு லீவு; ஏப்ரலிலோ ஜூனிலோ செய்யலாம், தேதியை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

பழைய காட்டன் வேட்டியில் 32 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். பட்டம் பேப்பரில் 4 செ.மீ. அரைவட்டமாக இருபது செதில்கள் போதும். துணியைச் சுருட்டுவதற்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். வால் பக்கம் தொடங்கித் தலையை நோக்கி வந்தால்தான் ஒரு வரிசை அடுத்ததன் மேல் சரியாகப் படியும். செதிலின் தலைப்பக்க விளிம்பில் மட்டும் ஃபெவிகால். முழுசாகத் தடவினால் துணி விறைத்துப்போய் மீன் அசையாது. ஒரே பக்கத்தில் அப்பிவிட்டால் பாரம் சாய்ந்து உருளும். மைதாப் பசை வேண்டாம், பூச்சி வரும்.

மறுநாள், கல்யாணப் பத்திரிகை அட்டையில் 2 செ.மீ. அகலப் பட்டைகளை ஒட்டி, 30 செ.மீ. சுற்றளவில் வளையம் செய்து வாய்க்குள் பொருத்துங்கள். துணியின் ஓரங்களை 2 செ.மீ. ஏற்றி ஒட்டி, துணிக் கிளிப் போட்டு இரவு முழுக்கக் காயவிடுங்கள். வளையம் இல்லாத மீன் வாய் மூடித் தொங்கும். வால் பக்கமும் திறந்தே இருக்கட்டும். மூடினால் காற்று உள்ளே போய் வெளியேற வழியில்லை, உப்பிக்கொண்டு நிற்கும். வளையத்தில் சம இடைவெளியில் மூன்று ஓட்டை, ஒவ்வொன்றிலும் 25 செ.மீ. நூல், மூன்றையும் சேர்த்து ஒரு முடிச்சு. இரண்டே நூல் கட்டினால் வாய் சாய்ந்து மீன் சுற்றிக்கொண்டே இருக்கும். சாதாரண நூல் போதும். மாஞ்சா நூல் வகுப்புக்குள்ளேயே வரக்கூடாது. ஜன்னல் கம்பியில் கட்டுங்கள், மொட்டை மாடிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். மதியத்துக்கு மேல் கடற்காற்று வந்ததும் மீன் நீந்தும்.

ஐந்து வயதுக்காரர்களுக்கு கானா நாட்டு அதின்க்ரா அச்சு. அசாந்தே மக்கள் சுரைக்குடுவையில் செதுக்கி, மரப்பட்டையைக் காய்ச்சிய சாயத்தில் தோய்த்துத் துணியில் பதிப்பார்கள். துக்கத்துக்கு உடுத்திய துணி அது. இப்போது மற்ற நாட்களிலும் உடுத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு இதையும் மறைக்காமல் சொல்லலாம். ‘அகோமா’ என்ற இதய வடிவம் பொறுமையைக் குறிக்கும். இடம் வலம் மாறினாலும் ஒன்றுபோலவே இருப்பதால் அச்சுக்கு மிக வசதி. பாதி உருளைக்கிழங்கில் 5 மி.மீ. ஆழத்துக்குப் பெரியவர்கள் செதுக்கித் தரட்டும். வெட்டிய முகத்தைத் துணிமேல் கவிழ்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். ஈரம் போகாவிட்டால் போஸ்டர் கலர் நீர்த்து வழியும். கலரை ஸ்பாஞ்சில் ஊற்றி அதில் ஒற்ற வேண்டும். கிண்ணத்தில் முக்கினால் பள்ளம் நிறைந்து வடிவமே தெரியாது. கானாவில் துணியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கச் சீப்பு போன்ற கருவியால் கோடு இழுப்பார்கள். பழைய சீப்பைக் கலரில் தொட்டு இழுத்தால் அதே கோடு வரும், பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

வியாசர்பாடிப் பக்கம் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன, சௌகார்பேட்டையில் குஜராத்தி, மார்வாடி வீடுகள். உங்கள் வகுப்பிலேயே அப்படி ஒரு பாட்டி இருந்தால் முதலில் அவரைக் கூப்பிடுங்கள், அவர் கையால் செய்வதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி ‘உங்க ஊரைப் பத்திச் சொல்லு’ என்று கேட்காதீர்கள். அதற்குத் தெரிந்த ஊர் வியாசர்பாடிதான்.

சுவரில் மாட்டும்போது ஊர், நாள், பயன் மூன்றையும் சீட்டில் எழுதி, அடியில் பிள்ளை சொன்ன ஒரு வரியை அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள். ஆசிரியர் கையால் திருத்திய மீன்களை மாட்ட வேண்டாம்.