மூன்றாவது கல் எதற்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முடிதிருத்தகம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சவரக்கத்தி தீட்டும் கல் நடுவில் குழிந்துவிட்டது. இன்னொரு கல்லோடு தேய்த்தால் மட்டமாகும் என்றார்கள். தேய்த்தேன். இரண்டும் இடைவெளியே இல்லாமல் பொருந்துகின்றன. ஆனாலும் கத்தி முடியை இழுக்கிறதே, ஏன்?"

கல் குழிவதில் அதிசயம் இல்லை. எப்படி இழுத்தாலும் கத்தி நடுவைத் தாண்டித்தான் போகும், அதனால் நடுதான் அதிகம் தேயும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. அவர்கள் கத்தியின் வாய் மடிந்திருக்கும். சின்னக் கல்லைக் கையில் எடுத்து அதன்மேல் ஓட்டுவார்கள். சவரக்கத்தியின் கதை வேறு. அதன் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படிய வேண்டும், ஏனென்றால் தீட்டும் கோணத்தை முடிவு செய்வது கையல்ல, முதுகின் தடிமன். கல் குழிந்திருந்தால் வாயின் இரண்டு முனைகள் மட்டும் தேயும், நடுப்பகுதி கல்லைத் தொடாது.

சரி, இரண்டு கல்லைத் தேய்க்கும்போது என்ன நடக்கிறது? மேல் கல்லை முன்னும் பின்னும் தள்ளும்போது அது கீழ்க் கல்லின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொள்ளும். அப்போது அழுத்தமெல்லாம் கீழ்க் கல்லின் ஓரத்திலும் மேல் கல்லின் நடுவிலும் இறங்கும். மேல் கல் குழியும், கீழ்க் கல் மேடாகும். குழிக்கு மேடு கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் இரண்டும் தட்டை இல்லை. தொலைநோக்கி ஆடி செய்பவர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள்: இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே கார்போரண்டம் என்ற கடினமான உராய்வுத் தூளைப் போட்டுத் தேய்த்தால் மேல் வட்டு குழியாடிக்கு வேண்டிய குழிவை அடையும்.

இங்கேதான் மூன்றாவது கல் வருகிறது. அ, ஆ, இ என்று பெயர் வைப்போம். அ மேடு, ஆ குழி. ஆ-வோடு இ-யைத் தேய்த்தால் இ-யும் மேடாகும். இப்போது அ-வையும் இ-யையும் சேர்த்துப் பாருங்கள். மேட்டின் மேல் மேடு, உட்காராமல் ஆடும். தேய்க்கத் தேய்க்க இரண்டு மேடுகளும் கரையும். மறுபடி ஆ, மறுபடி இ என்று, எந்த ஜோடியை எடுத்தாலும் பொருந்தும்வரை மாற்றிக்கொண்டே போக வேண்டும். அப்படிப் பொருந்தினால், அ-வின் வளைவு ஆ-வுக்கு நேர் எதிர், ஆ-வினது இ-க்கு நேர் எதிர், இ-யினது அ-வுக்கு நேர் எதிர். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக வேண்டுமானால் வளைவு பூஜ்யமாக இருந்தே தீர வேண்டும்! அளவுகோல் கிடையாது, முன்மாதிரித் தளம் கிடையாது. மூன்று கோணல் கற்களிலிருந்து ஒரு மட்டம் பிறக்கிறது. இங்கிலாந்துப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840இல் உலோகத் தகடுகளுக்கு விளக்கியதும் இந்த மூன்றின் தர்க்கத்தைத்தான். ஒன்று மட்டும் கவனம்: கல்லை அவ்வப்போது குறுக்காகவும் வைத்துத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் முறுக்கு, அதாவது எதிரெதிர் மூலைகள் இரண்டு உயர்ந்து மற்ற இரண்டு தாழ்ந்திருக்கும் கோணல், கண்ணில் படாமல் தப்பித்துவிடும். நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் விலைக்கு வாங்கிய ரோபோவுக்குப் பதிலாக இந்த மூன்று கற்களை வைத்தால் நான் மகிழ்ச்சியாகப் பரிசு கொடுப்பேன்.

கடையில் ஒரே ரகத்தில் மூன்று கல் இருக்காது. தடித்த ஜன்னல் கண்ணாடி போதும். 1959இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த முறையில், உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படும் கண்ணாடி அது. புவியீர்ப்பே மட்டம் பார்த்துக் கொடுத்திருக்கிறது. அதன்மேல் தண்ணீரில் பயன்படுத்தும் உப்புத்தாளை விரித்து, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டுத் தேயுங்கள். கோடு அழியாத இடம்தான் பள்ளம். எல்லாக் கோடும் போனபின் கல்லின் கூர்விளிம்பை லேசாக மழுக்கிவிடுங்கள், கத்தி வாய் அதில் பட்டால் சிதறும். செவ்வாயும் வெள்ளியும் முடி வெட்டக் கூடாது என்ற நம்பிக்கை நம்மவர்களை இன்னும் விடவில்லை. முடிக்குக் கிழமை தெரியாது. ஆனால் கடை காற்று வாங்கும் அந்த நாட்கள் இந்த வேலைக்குத் தோது.

அப்புறம் கல்லை நன்றாகக் கழுவுங்கள். 8000 கிரிட் (எண் கூடக் கூடத் துகள் நுண்மையாகும்) கல்லின் துகள் ஒன்றிரண்டு மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்ரான்), 220 உப்புத்தாளின் துகளோ 60 மைக்ரானுக்கு மேல். ஒன்றே ஒன்று ஒட்டியிருந்தாலும் வாயில் கீறல் விழும். ஈரத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடினால் நம் ஊர் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும். வெயிலில் வைத்தால் சில கற்கள் வெடிக்கும், நிழலில் உலர்த்துங்கள்.