ரோடோடென்ட்ரான்: சொற்பொருளும் தமிழ்ப்பெயரும்

மலைக்காடுகளில் வளரும் பூஞ்செடிகளைக் குறிக்கும் ரோடோடென்ட்ரான் என்னும் பெயர் கிரேக்கத்திலிருந்து வந்தது. 'ரோடோன்' என்பது ரோசாவையும் 'டென்ட்ரான்' என்பது மரத்தையும் குறிக்கும். ஆனால் பண்டைக் கிரேக்கர் இப்பெயரால் சுட்டியது, நம் ஊர்களில் வேலியோரம் பூக்கும் அரளியை. 1753-இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைப் பேரினப் (நெருங்கிய இனங்களின் தொகுதி) பெயராகக் கொண்ட பிறகே, இம்மலைக்காட்டுப் பூஞ்செடிகளுக்கு உரியதாக அறிவியலில் இது நிலைபெற்றது. ஆகவே 'ரோசாமரம்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பொருந்தாது. இது ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, இதன் இனங்களில் பெரும்பாலானவை மரங்களும் அல்ல, புதர்களே.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இப்பேரினம் இமயமலையிலும் தென்மேற்குச் சீனத்திலும் செறிந்து வளர்கிறது. பூங்காக்களில் அசேலியா என்று வளர்க்கப்படுபவையும் இதில் அடங்கும். லின்னேயஸ் அவற்றைத் தனிப் பேரினமாக வைத்திருந்தார்.

தமிழ்நாட்டில் நாம் காண்பது ரோடோடென்ட்ரான் ஆர்போரியம் என்னும் இமயமலை இனத்தின் தென்னக வடிவம். 'ஆர்போரியம்' என்ற இலத்தீன் சொல்லுக்கும் 'மரம்போன்றது' என்றே பொருளாதலால், இதன் பெயரில் மரம் இருமுறை வந்துவிடுகிறது! நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளின் உயர்பகுதிகளில், சோலைக்காடுகளின் விளிம்பிலும், பிற மரங்கள் தாக்குப்பிடிக்காத திறந்த புல்வெளியிலும், காற்றில் முறுக்கேறிய குட்டை மரமாக இது நிற்கும். தடித்த பட்டை இருப்பதால் புல்வெளித் தீக்குத் தப்பிவிடும், உறைபனியையும் தாங்கும். கிளை நுனிகளில் செந்நிறப் பூக்கள் கொத்தாக மலரும். இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளியில் வளரும் இதன் உறவினத்தைச் சிங்களத்தில் 'மகா ரத்மல்' என்பர். பெரிய செம்மலர் என்பது அதன் பொருள்.

தமிழில் இதற்கு வழங்கும் பெயர் காட்டுப்பூவரசு. பூவரசு என்பதைப் 'பூக்களின் அரசு' என்று பிரிப்பவர் உண்டு. ஆனால் அரசிலையை ஒத்த இலையும் பகட்டான பூவும் கொண்ட மரம் அது என்பதால், 'பூக்கும் அரசு' என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்த ஒப்புமை காட்டுப்பூவரசுக்கு இல்லை: இதன் இலை நீண்டது, அடிப்புறம் மென்மயிர் படர்ந்தது. பூவரசோ செம்பருத்திக் குடும்பத்து மஞ்சள்பூ மரம், கடலோரத்துக்கு உரியது. இவ்வளவு வேறுபாடு இருந்தாலும், வழக்கில் உள்ள பெயரை விட்டுப் புதிதாக ஒன்றைப் புனைய வேண்டியதில்லை. நம் மலைகளின் மரத்தைக் காட்டுப்பூவரசு என்றும், உலகெங்கும் பரவிய பேரினத்தை ரோடோடென்ட்ரான் என்றும் எழுதலாம். 'காட்டு' என்ற அடையை மட்டும் விட்டுவிடக் கூடாது.